இன்டராக்‌ஷன் சேர்த்ததும் டம்மியின் குறி ஏன் மாறியது?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பினாங்கில் 184 வீடுகளின் மாத வாடகையைத் திரட்டியிருக்கிறீர்கள். 112 வீடுகள் தீவில், 72 வீடுகள் பெருநிலப் பக்கமான செபராங் பிறையில். தீவு என்றால் 1, பெருநிலம் என்றால் 0 என்று ஒரு டம்மி. முதல் மாடலில், அதாவது வாடகையைக் கணிக்கும் ரிக்ரெஷன் கோட்டில், சதுர அடியும் டம்மியும் மட்டும். தீவின் கெழு (டம்மியைப் பெருக்கும் எண்) 420 வெள்ளி (ரிங்கிட்), பி-மதிப்பு (நிஜத்தில் விளைவு இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய எண் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.001-க்கும் கீழே. அப்புறம் மேற்பார்வையாளர் சொன்னாரென்று சதுர அடியையும் டம்மியையும் பெருக்கி மூன்றாவது மாறியாகச் சேர்த்தீர்கள்; இந்தப் பெருக்கலைத்தான் இன்டராக்‌ஷன் என்கிறோம். தீவின் கெழு −180 ஆகிவிட்டது, பி-மதிப்பு 0.30. “அப்படியென்றால் தீவில் வாடகை குறைவா? டம்மியைத் தூக்கிவிட்டுப் பெருக்கலை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்கிறீர்கள்.

இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்பதுதான். தரவிலும் கோளாறு இல்லை, மென்பொருளிலும் இல்லை. அட்டவணையில் ‘தீவு’ என்ற பெயர் மாறாமல் இருப்பதால் அது சொல்லும் விஷயமும் மாறவில்லை என்று நினைத்துவிட்டீர்கள். நான் பெருநிலத்துப் பட்டர்வொர்த்காரன், பல வருடம் பாலம் ஏறி அக்கரைத் தீவில் வேலை பார்த்தவன். தீவில் வாடகை குறைவு என்று எந்தக் கம்ப்யூட்டர் சொன்னாலும் நம்பமாட்டேன். நல்லவேளை, உங்கள் கம்ப்யூட்டரும் அப்படிச் சொல்லவில்லை.

நீங்கள் கொடுத்த இரண்டாவது மாடலை எழுதிப் பார்ப்போம். வாடகை = 500 + 0.70 × சதுர அடி − 180 × தீவு + 0.60 × சதுர அடி × தீவு. பெருநில வீட்டுக்கு டம்மி 0, கடைசி இரண்டு உறுப்புகளும் மறைந்துவிடும்: 500 + 0.70 × சதுர அடி. தீவு வீட்டுக்கு டம்மி 1: 320 + 1.30 × சதுர அடி. இரண்டு கோடுகள், வெவ்வேறு சாய்வு. சாய்வு வேறு என்றால் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அப்போது ‘தீவுக்கும் பெருநிலத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்’ என்று கேட்டால் ‘எத்தனை சதுர அடி வீட்டுக்கு’ என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். −180 என்பது சதுர அடி பூஜ்யமாக இருக்கும்போது உள்ள வித்தியாசம். சுவரும் இல்லாத, தரையும் இல்லாத வீடு. அப்படி ஒரு வீடு தீவில் 180 வெள்ளி மலிவாகக் கிடைக்கிறதாம்.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன், அதுவும் ஒரு அறை நிறைய ஆட்கள் முன்னால். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரப் பிரிவில் எனக்கு அது இரண்டாம் வருடம். சர்க்யூட் பலகைகள் ஓவன் வழியாகப் போய் சோல்டர் உருகி ஒட்டிக்கொண்டு வெளியே வரும். ஓவனின் உச்ச வெப்பம் 235 முதல் 250 டிகிரிக்குள் நிற்கும். ஆயிரம் பலகைக்கு எத்தனை கெட்டுப்போகிறது என்பதை வெப்பத்தோடும் ஷிப்ட்டோடும் ரிக்ரெஷன் போட்டேன். நைட் ஷிப்ட்டுக்கு டம்மி 1. வெப்பத்தோடு பெருக்கியும் சேர்த்திருந்தேன். டம்மியின் கெழு −58 என்று வந்தது. கூட்டத்தில் எழுந்து, “நைட் ஷிப்ட்டில் ஆயிரத்துக்கு 58 குறைவாகக் கெடுகிறது” என்று சொல்லிவிட்டேன். லைன் சூப்பர்வைசர் ஒருவர், அங்கே எல்லாருக்கும் அவர் அண்ணன், பின்னால் இருந்து கேட்டார்: “தம்பி, ஆயிரத்துக்கு மொத்தமே பத்துதான் கெட்டுப்போகுது. அதுல 58 எப்படிக் குறையும்?”

பதில் சொல்ல முடியவில்லை. இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: −58 என்பது ஓவன் பூஜ்ய டிகிரியில் ஓடும்போது. பெருக்கலின் கெழு 0.25. ஓவன் நிஜமாக ஓடும் 240 டிகிரியில் 0.25 × 240 = 60; அதில் 58 போனால் மிச்சம் 2. அதாவது நைட் ஷிப்ட்டில் ஆயிரத்துக்கு இரண்டு பலகை கூடுதலாகத்தான் கெட்டுக்கொண்டிருந்தது. நான் சொன்னதற்கு நேர் எதிர். அண்ணன் ரிக்ரெஷன் படித்தவர் இல்லை, ஆனால் எண் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் வீடுகளுக்கு வருவோம். உங்கள் தரவில் மிகச் சின்ன வீடு 550 சதுர அடி, சராசரி 1000 என்று எழுதியிருக்கிறீர்கள். 550-ல் வித்தியாசம் −180 + 330 = 150 வெள்ளி. 1000-ல் 420. 1500-ல் 720. சராசரி வீட்டில் கிடைக்கும் 420-ஐ முதல் மாடலின் 420-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய எண் காணாமல் போகவில்லை, அட்டவணையில் நேராகத் தெரியாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. (எல்லாத் தரவிலும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் பக்கத்தில் வரும்.) இரண்டு கோடும் சந்திப்பது 180 ÷ 0.60 = 300 சதுர அடியில். அந்த அளவில் உங்களிடம் ஒரு வீடுகூட இல்லை. ஆகவே நீங்கள் பார்த்த வீடுகளின் எல்லைக்குள் தீவுக் கோடு எப்போதும் மேலேதான்.

அடுத்தது பி-மதிப்பு. 0.30 என்பதும் அதே பூஜ்ய வீட்டைப் பற்றியதுதான். 1000 சதுர அடியில் உள்ள 420-க்குத் தனித் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடலாம் என்பதன் அளவு) உண்டு. அதைக் கணக்கிட டம்மியின் வேரியன்ஸோடு (திட்டப்பிழையின் வர்க்கம்), சதுர அடியின் வர்க்கத்தால் பெருக்கிய இன்டராக்‌ஷன் வேரியன்ஸைக் கூட்டி, இரண்டு கெழுக்களின் கோவேரியன்ஸை (இரண்டும் சேர்ந்து அசையும் அளவு) சதுர அடியின் இரண்டு மடங்கால் பெருக்கி அதையும் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த திட்டப்பிழைகள் டம்மிக்கு 175, பெருக்கலுக்கு 0.17. கோவேரியன்ஸை நீங்கள் போடவில்லை. கணக்குக்காக −28 என்று வைத்துக்கொள்கிறேன், இது என் அனுமானம்தான், உங்கள் மென்பொருளில் சரியான எண்ணை எடுத்துப் போடுங்கள். இது மைனஸாக வருவது வழக்கம்: கோட்டின் சாய்வை ஏற்றினால் பூஜ்யத்தில் அதன் முனை இறங்கும். −28 என்றால் திட்டப்பிழை 550-ல் ஏறக்குறைய 93, 1000-ல் 59, 1500-ல் 108. எனவே 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி சராசரி வீட்டுக்கு 303 முதல் 537 வெள்ளி வரை, பெரிய வீட்டுக்கு 507 முதல் 933 வரை. சின்ன வீட்டுக்கு −33 முதல் 333 வரை. கடைசி வரியைக் கவனியுங்கள். சின்ன ஃபிளாட் வாடகையில் தீவுக்கும் பெருநிலத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று இந்த மாடலை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் உங்கள் ஆய்வேட்டில் படிக்கத் தக்க விஷயம் இதுதான்.

இவ்வளவு கணக்குப் போடாமல் ஒரு குறுக்கு வழியும் உண்டு. சதுர அடியிலிருந்து 1000-ஐக் கழித்துப் புது மாறி செய்து, அதை டம்மியோடு பெருக்கி, மறுபடி ஓட்டுங்கள். இப்போது பூஜ்யம் என்றால் 1000 சதுர அடி வீடு. டம்மியின் கெழு 420, அதன் சரியான திட்டப்பிழையோடு தானாக வந்து நிற்கும். 1500-ஐக் கழித்தால் 720 வரும். மூன்று தடவை ஓட்டினால் மூன்று வரி கிடைத்துவிடும். ஆனால் ஒரு மூடநம்பிக்கையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இப்படிச் சராசரியைக் கழிப்பது ‘மாறிகளுக்கு இடையிலான ஒட்டுறவைப் போக்கி மாடலைச் சரிசெய்கிறது’ என்று பலர் எழுதுவார்கள். அந்த ஒட்டுறவை அளக்கும் விஐஎஃப் எண் குறையும், உண்மைதான். 0.60 மாறாது, அதன் திட்டப்பிழை மாறாது, ஆர்-ஸ்கொயர் (வாடகை வேறுபாட்டில் மாடல் விளக்கும் பங்கு) மாறாது, ஒரு வீட்டின் கணித்த வாடகைகூட மாறாது. அதே மாடலை வேறு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம், அவ்வளவுதான். விஐஎஃப் 10-ஐத் தாண்டிவிட்டது என்று பயந்து இன்டராக்‌ஷனைத் தூக்கிய ஆய்வேடுகள் என் கைக்கு நிறைய வந்திருக்கின்றன, பாவமாக இருக்கும்.

டம்மியைத் தூக்கலாமா என்ற கேள்வி. தூக்கினால் இரண்டு கோடும் பூஜ்ய சதுர அடியில் ஒரே ஆணியில் மாட்டியிருக்க வேண்டும் என்று நீங்களே கட்டளை போடுகிறீர்கள். அந்த ஆணியை அங்கே அடிக்கச் சொன்னது யார்? தரவு சொல்லவில்லை, தரவுக்குப் பூஜ்யத்தின் பக்கத்தில் வேலையே இல்லை. இன்னும் மோசமானது, டம்மியைத் தூக்கிய பிறகு 1000-ஐக் கழித்து ஓட்டினால் ஆணி 1000-க்கு நகர்ந்துவிடும், முடிவு முழுக்க வேறாகிவிடும். அளவுகோலின் பூஜ்யத்தை நகர்த்தினால் முடிவு மாறுகிறது என்றால் அந்த மாடலை நம்ப எனக்குத் தயக்கம். பூஜ்யத்தில் வித்தியாசம் இருக்கவே முடியாது என்று பொருளாலேயே நிச்சயமான சில இடங்களில் தூக்கலாம். அவை அபூர்வம், உங்களுடையது அதில் சேராது. ‘தீவு என்பதே வாடகையைப் பாதிக்கிறதா’ என்று சோதிக்க வேண்டுமானால் டம்மியையும் பெருக்கலையும் சேர்த்து, இரண்டின் கெழுவும் ஒருசேரப் பூஜ்யமா என்று பார்க்கும் ஒரே எஃப்-சோதனையில் போடுங்கள். உங்கள் மாடலில் இருப்பது ஒரு வெட்டுத்துண்டும் (பூஜ்யத்தில் கோட்டின் உயரம்) ஒரு சாய்வும்தான் என்பதால், அந்தச் சோதனை 1960-ல் பொருளியலாளர் கிரிகரி சௌ எழுதிய, இரண்டு குழுவுக்கும் ஒரே கோடு போதுமா என்று பார்க்கும் சௌ சோதனையேதான். தனித்தனி பி-மதிப்பைப் பார்த்து ஒன்றை வைத்து ஒன்றைத் தள்ளுவது இங்கே வழி தவறுவது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அடுத்து அங்கேதான் இடறுவீர்கள்: சதுர அடியின் கெழு 0.70-உம் பொருள் மாறிவிட்டது. அது இப்போது பெருநில வீடுகளின் சாய்வு மட்டுமே, மொத்தச் சாய்வு இல்லை. டம்மியைத் திருப்பி, பெருநிலத்துக்கு 1 என்று வைத்தால் அதே இடத்தில் 1.30 வரும், பெருக்கல் −0.60 ஆகும். இதற்குப் பதில் இரண்டு பகுதிக்கும் தனித்தனியாக ரிக்ரெஷன் போட்டாலும் 500, 0.70, 320, 1.30 என்று அதே எண்கள்தான் வரும். திட்டப்பிழை மட்டும் வேறாக வரும், ஏனென்றால் சேர்த்துப் போடும்போது இரண்டு பக்கமும் சிதறல் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். தனித்தனியாகப் போடுகிறவர்கள் ஒரு பக்கம் பி-மதிப்பு 0.01, மறு பக்கம் 0.12 என்று பார்த்து ‘ஆகவே சாய்வு வேறு’ என்று முடித்துவிடுகிறார்கள். அது முடிவாகாது. சாய்வு வேறா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் எண் பெருக்கலின் கெழு ஒன்றுதான்.

எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் லீனியர் ரிக்ரெஷன் மெனுவில் பெருக்கல் மாறியை நீங்களே உண்டாக்க வேண்டும், அப்போது பீட்டா (தரப்படுத்திய கெழு) என்று ஒரு பத்தி அச்சாகும். இன்டராக்‌ஷன் உள்ள மாடலில் அந்தப் பத்தியைப் பார்க்கவே வேண்டாம். தீவை ஜார்ஜ்டவுன், பாயான் லெப்பாஸ், மற்றவை என்று பிரித்தால், பெருநிலத்தோடு நான்கு பகுதி, மூன்று டம்மி, மூன்று பெருக்கல். நான்கு டம்மியும் வைத்தால் வெட்டுத்துண்டோடு சிக்கிக்கொள்ளும். மூன்று பெருக்கலையும் ஒன்றாகத்தான் சோதிக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் டம்மியாக இருக்கும் பெருக்கல் வேறு அழகு. 2014-ல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்து தீவின் பத்து மாவுங்கையும் பெருநிலத்தின் பத்து காவானையும் இணைத்தது. பத்து காவான் பக்கத்து வீடு என்றால் 1, 2014-க்குப் பிறகு என்றால் 1, இரண்டையும் பெருக்குங்கள். பெருக்கலின் கெழு சொல்வது: பத்து காவானில் ஏறியதிலிருந்து மற்ற இடத்தில் ஏறியதைக் கழித்த மிச்சம். 1992-ல் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியபோது, பக்கத்துப் பென்சில்வேனியாவை வைத்து பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் செய்தது இந்தக் கழித்தலைத்தான். பெருக்கிக் கழிப்பது நிச்சயமான கணக்கு. அந்த மிச்சம் பாலத்தால் வந்ததா என்பது கணக்கில் இல்லை; பாலம் வராவிட்டால் இரண்டு இடமும் ஒரே வேகத்தில் ஏறியிருக்கும் என்று நீங்கள் நம்பவைக்க வேண்டும். பத்து காவானில் தொழிற்சாலைகள் வந்தன, 2019-ல் ஐக்கியா பர்னிச்சர் கடையும் வந்தது. பாலத்துக்கே எல்லாப் பெருமையும் கொடுப்பது கடினம்.

இனி சந்தேகமான பக்கம். மேலே சொன்ன கணக்கு எதிலும் எனக்கு ஐயமில்லை. 0.60 என்பது நிஜமாகவே தீவின் குணமா என்பதில் இருக்கிறது. வாடகைக்கும் சதுர அடிக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாமல் வளைந்திருந்து, தீவு வீடுகள் பொதுவாகப் பெரியவையாகவும் இருந்தால், வளைவின் மேல் பகுதியைத் தீவும் கீழ்ப் பகுதியைப் பெருநிலமும் பிடித்துக்கொண்டு இரண்டு சாய்வாகத் தெரியும். சதுர அடியின் வர்க்கத்தைச் சேர்த்துப் பாருங்கள், 0.60 கரைந்துபோனால் அது இன்டராக்‌ஷன் இல்லை, வளைவு. பெரிய வீடுகளில் வாடகையின் சிதறலும் கூடும், ஆகவே சிதறல் சமமாக இல்லாவிட்டாலும் பொருந்தும் ராபஸ்ட் திட்டப்பிழை போடுவது நல்லது.

அளவுகோல் பிரச்சினையும் உண்டு. உங்கள் எண்களையே விகிதமாகப் பாருங்கள். 550-ல் 885-க்கு 1035, அதாவது 1.17 மடங்கு. 1000-ல் 1200-க்கு 1620, 1.35 மடங்கு. 1500-ல் 1550-க்கு 2270, 1.46 மடங்கு. வெள்ளிக் கணக்கில் வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்து மடங்காக வளர்ந்தது, விகிதத்தில் அவ்வளவு வளரவில்லை. வாடகைக்கு லாக் (மடக்கை) எடுத்து ஓட்டினால் இன்டராக்‌ஷன் சிறுக்கும். வேறு தரவில் முழுக்க மறைந்தே போகலாம். இதில் எது சரி? இரண்டும் சரிதான், கேள்வி வேறு. மாதம் எவ்வளவு கூடக் கொடுப்பேன் என்று கேட்கிற குடும்பத்துக்கு வெள்ளி. சந்தை எப்படி விலை வைக்கிறது என்று கேட்பவருக்கு லாக். எதை ஏன் எடுத்தீர்கள் என்பதை ஓட்டுவதற்கு முன்னால் தீர்மானியுங்கள், முடிவைப் பார்த்துவிட்டு இல்லை. லாக் எடுத்தால் டம்மியின் கெழு 0.30 என்பதை 30 விழுக்காடு என்று படிக்காதீர்கள். அடுக்கேற்றிப் பார்த்தால் (e-இன் 0.30 அடுக்கு 1.35) 35 வருகிறது.

ஆம்-இல்லை என்ற விடைக்கு லாஜிட் (நிகழ்தகவைக் கணிக்கும் ரிக்ரெஷன்) போடுகிறவர்களுக்கு நான் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அங்கே பெருக்கலின் கெழு நிகழ்தகவில் உள்ள இன்டராக்‌ஷன் ஆகாது. 2003-ல் சுன்ரோங் ஐ, எட்வர்ட் நார்ட்டன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதை விளக்கி எழுதிய கட்டுரைக்குப் பிறகும் இந்தத் தப்பு தொடர்கிறது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

வீடுகளின் எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல். இரண்டு டம்மிகள், நான்கு கட்டத்திலும் சம எண்ணிக்கை என்றால், பெருக்கலின் திட்டப்பிழை ஒரு டம்மியின் சராசரி விளைவுக்கு உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. அந்தச் சராசரி விளைவில் பாதி அளவுள்ள இன்டராக்‌ஷனை அதே உறுதியோடு பிடிக்க 16 மடங்கு தரவு வேண்டும். உங்கள் 0.60 பெரியது, திட்டப்பிழையின் மூன்றரை மடங்கு, தப்பித்தீர்கள். இதே 184 வீடுகளை வைத்து பர்னிச்சர் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று எல்லாவற்றையும் தீவோடு பெருக்கிக்கொண்டே போனால் ஏதோ ஒன்று தற்செயலாக 0.05-க்குக் கீழே விழும். அதைப் பிடித்துக்கொண்டு அத்தியாயம் எழுதாதீர்கள்.

ஆய்வேட்டில் அட்டவணையோடு ஒரு படமும் போடுங்கள்: கிடை அச்சில் சதுர அடி, செங்குத்தில் தீவு-பெருநில வித்தியாசம், நடுவே கோடு, இரு பக்கமும் இடைவெளிப் பட்டை. மென்பொருள் விடும் இடம்வரை கோட்டை இழுக்காதீர்கள். 1800 சதுர அடிக்கு மேலே உங்களிடம் 11 வீடுகள், அதில் பெருநிலத்தில் இரண்டே இரண்டு, புக்கிட் மெர்தாஜாமில், என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வீட்டையும் நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 0.60 பெரிதாக அசைந்தால் கோட்டை 1800-லேயே நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள்.